திருக்காளத்திச் சித்திரச் சீலை

திருக்காளத்தி என்னும் பெயரைக் கேட்ட அளவில் சைவ நன்மக்கள் உள்ளத்தில் முன்னிற்பவர் கண்ணப்ப நாயனாரே. அவரை அடுத்துச் சீ, காளம், அத்தி எனப் பெயர்பெற்ற சிலந்தியும் பாம்பும் யானையும் நினைவிற்கு வரும். அம்மூன்றனுள் சிலந்தி செய்த தொண்டு யாது? தன் உடலினின்று போந்த நூலைக்கொண்டே பெருமானுக்குக் கோயிலும் பந்தரும் அமைத்தது. விளக்கின் சுடர் பற்றி அந்நூற்கோயில் எரிந்தொழிய, ஆற்றாத சிலந்தி அச்சுடரையே விழுங்கப் புகுந்து உயிர்விட்டது என்பது தலவரலாறு. கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் விளங்கிய தூர்ச்சடி என்னும் தெலுங்குப் புலவரும் தமது காளத்தி மான்மியத்தில் இவ்வரலாற்றை விரித்துரைத்தனர். நூலினாற் செய்யும் தொண்டு அத்தலத்திற்கு உரியது என்பதை இக்கதை காட்டாநின்றது. அதற்கேற்பவே, பொன்முகலி யாற்றின் கரையில் துணியின்மேற் சித்திரம் எழுதும் அரிய கைத்தொழில் ஒன்றும் வழிவழியாக நிகழ்ந்து வருகின்றது. காளத்திக்கு யாத்திரை சென்று மீளும் அன்பருட் பலர் அதனை அறியாமலே மீள்கின்றனர். ஆகலின், அத்தொழிலின் இயல்பையும் வரலாற்றையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இப்பரத கண்டத்தில் ஆடைக்கு அணிசெய்யும் முறை மூவகைப்படும். தறியிலேயே பூவும் கொடியும் இழையோடு இழையாக அமையுமாறு நெய்தல் ஒன்று. நெய்த துணியின்மேல் ஊசியும் நூலும் கொண்டு தைத்தல் மற்றொன்று. பஞ்சாபு நாட்டு மகளிர் முறுக்காத பட்டு நூலால் முரட்டுத் துணியின் பின்புறமிருந்தே இழையெண்ணித் தைக்கும் புல்காரியும், வங்க நாட்டு மகளிர் பழஞ்சேலைகளை அடுக்கிக் கதைகளையும் தாமரையையும் தைத்தெடுக்கும் காந்தாவும், இலக்ஷ்மணபுரியில் வெண்டுகிலின்மேல் வெண்ணூலால் தைக்கும் சிக்கனும் இவ்விரண்டாவது வகையின. மூன்றாவது, சாயத்தையே சித்திரமாக்குதல். இதன்கண் மரத்திற் செதுக்கிய அச்சுக்கொண்டு பதித்தலும், எழுதுகோல் கொண்டு எழுதலும் என இருவகை உண்டு. காளத்தித் தொழில் எழுதலைச் சார்ந்தது.

சாயச் சித்திரம் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. சிந்துவெளியில் மொகெஞ்சதரோவில் அகழ்ந்தெடுத்த பருத்தித் துணியின் சிறு துண்டொன்று செஞ்சாயம் ஏறியதாகக் காணப்பட்டது. பருத்தியிற் செஞ்சாயம் தானே நில்லாது; நிறுத்துதற்கு உப்புப்பொருள் ஒன்று வேண்டும். ஆகவே நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அந்நுட்பம் இந்நாட்டார்க்குத் தெரிந்திருந்தது என்பது பெறப்படும். எகிப்து நாட்டிற் பழைய கெய்ரோவைச் சார்ந்த புசுதாத் என்னும் இடத்திலும், கூர்ச்சர நாட்டிற் சாயமிட்டு அனுப்பிய பருத்தித் துணித் துண்டுகள் மண்ணினின்று மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழிலோ, சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கிற்கு மூவகை எழினியையும், ஓவியம் எழுதிய விதானத்தையும் கூறுகின்றது. மேற்கட்டியிற் சித்திரம் எழுதித் தூக்கும் வழக்கம் தமிழர்க்குப் பழைமையானதென்பதற்கு அதுவே சான்றாம்.

இனி, இத்தொழிலின் பெயரை நோக்குவாம். ‘கலம்காரி’ என இக்காலத்து வழங்கும் சொல் பாரசீக மொழியினது. ‘கலம்’ என்பது எழுதுகோல். ‘காரி’ என்பது வேலை. கோல்கொண்டையில் அரசுபுரிந்த சுல்தான்களின் காலத்தில் இச்சொல் ஆந்திர நாட்டிற் பரவிற்று. தெலுங்கர் தம் மொழியில் இதனை எழுத்து வேலை என்றே கூறுவர். தமிழிலும் ஓவியம் ‘எழுதுதல்’ என்பதே மரபு. ஓலையில் எழுதுவதும் சுவரில் எழுதுவதும் சீலையில் எழுதுவதும் நம்மவர்க்கு ஒரு வினையே. பூத்துணியை நம் தாய்மார் ‘சீட்டி’ என்பர். அச்சொற்கு இனமான வடநாட்டுச் சொல்லே ஒல்லாந்தர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் சிதைந்து வழங்கலாயிற்று.

எழுதும் முறை அறியத்தக்கது. வெளுக்காத பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் சாயம் இழைவழியே பரவாமற் காக்கும். கடுக்காயின் துவர்ப்பு, பின்னர் இடும் பொருளைப் பற்றிக்கொள்ளும். புளியஞ்சுள்ளியைக் கரியாக்கி அதனால் உருவங்களை வரைவர். எழுதுகோல் மூங்கிற் குச்சியைக் கூராக்கியது. அதன் நடுவிற் கம்பளி மயிரையோ துணியையோ பந்தாகச் சுற்றி நூலாற் கட்டியிருப்பர். அப்பந்து சாயத்தைத் தேக்கிவைக்கும். விரலால் அழுத்துந்தோறும் சாயம் முனைக்கு இறங்கும்.

முதலில் எழுதுவது கருங்கோடு. துருவேறிய இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் ஊறவைத்துப் புளித்தபின் வடித்தெடுத்த நீரே அதற்குரிய மை. அது கோலில் இருக்கும்போது கருமை தோன்றாது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட அளவில் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி நம் முன்னோர் காகிதத்தில் எழுத மை செய்ததும் இந்நுட்பமே.

செம்மை ஏற்றும் முறை இன்னும் வியப்புடையது. சிவக்கவேண்டிய இடங்களிற் படிக்கார நீரைக் கோலால் எழுதுவர். அதற்கு நிறமில்லை. எழுதியவன் அன்றிப் பிறர் அதனைக் காணுதல் அரிது. இடம் தெரிதற்பொருட்டுச் சிறிது நிறப்பொருள் கலப்பதும் உண்டு. எழுதி உலர்த்திய துணியை ஓடும் நீரிற் கிடத்தி அலசுவர். தேங்கிய நீரில் அலசினால் மிகுதியான படிக்காரம் கரைந்து வேண்டாத இடத்திற் படிந்துவிடும். ஆதலின் ஆறு இத்தொழிற்கு இன்றியமையாதது. பொன்முகலி யாற்றங்கரையில் இது வளர்ந்ததன் காரணமும் அதுவே. பின்னர் வேரிட்டுக் காய்ச்சும் கொப்பரையில் துணி முழுவதையும் அமிழ்த்துவர். பண்டு அதற்குப் பயன்பட்டது சாயவேர். இருமலுக்கு மருந்தாக நம் வைத்தியர் கூறும் இம்பூறலின் வேரே அது. கொப்பரையிலிருந்து எடுத்தபோது படிக்காரம் உண்ட இடமெல்லாம் செக்கச் சிவந்து நிற்கும். ஏனைய இடங்களில் மங்கலாக ஒட்டிய நிறம், சாணநீரில் தோய்த்து வெயிலில் விரித்து நீர் தெளித்துவரப் போய்விடும். இதன் பின்னரே மஞ்சளும், அவுரியினின்று எடுத்த நீலமும் இடப்பெறும். மஞ்சளின்மேல் நீலம் படப் பசுமை தோன்றும். பழைய கடற்கரை ஊர்களில் நீலம் படலாகாத இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் ஆழ்த்துவதும் வழக்கமாயிருந்தது.

இவ்விடத்தே ஒன்று கூறுதும். கொப்பரை ஒன்று, வேர் ஒன்று, வெப்பமும் ஒன்று. துணி முழுவதும் அதனுள் ஒருங்கே மூழ்குகின்றது. எனினும் முன்னரே பக்குவம் பெற்ற இடமே நிறத்தை ஏற்று நிலைபெறுகின்றது. பெறாத இடம் ஏற்றதுபோலத் தோன்றி இழந்துவிடுகின்றது. ஒரு ஞாயிற்றின் முன் ஒரு மலர் விரிய ஒரு மலர் முகையாய் நிற்பதை நம் ஆசிரியர் மலபரிபாகத்திற்கு உவமை கூறுவர். காளத்திக் கொப்பரையும் அவ்வுவமைக்கு இயைவதே. உவமை முற்றும் பொருந்தாதாயினும், பாடம் சொல்லும் ஆசிரியர் மாணாக்கர்க்கு இதனை எடுத்துக்காட்டலாம்.

காளத்திச் சீலையின் அமைப்பும் தனித்தன்மையது. நடுவிற் பெரிய கட்டமொன்றிற் கதையின் தலையாய நிகழ்ச்சி நிற்க, சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களிற் கதை முழுதும் தொடர்ந்து செல்லும். கட்டங்களின்மேல் தெலுங்கெழுத்தில் நிகழ்ச்சியின் விளக்கம் எழுதப்பெறும். இராமாயணமும் பாரதமும் சிவபுராணக் கதைகளும் இங்ஙனம் எழுதப்பெற்றன. இவை திருக்கோயில்களில் தெய்வத் திருவுருவிற்குப் பின்னே தொங்கவும், விழாக் காலத்தில் மண்டபத்தை அணிசெய்யவும் பயன்பட்டன. கல்லாத மக்கட்கு இச்சீலையே புராண நூலாயிற்று. மசூலிப்பட்டினத்து வேலையோ வேறு. அங்கே மரஅச்சும் கலந்து, பாரசீக நாட்டார் விரும்பிய பூவும் கொடியும் மிக்கு விளங்கும். அது கடல் வாணிகத்திற்கு வளர்ந்தது. இது கோயிலுக்கு வளர்ந்தது. இவ்வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற் கொள்க.

இனிக் கடல் வாணிகத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவாம். ஐரோப்பியர் வருமுன்னரே சோழமண்டலக் கரையினின்று வண்ணத் துணிகள் கீழ்நாட்டுத் தீவுகட்குச் சென்றன. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விற்போர் பொன்னினும் இத்துணியையே விரும்பிக் கொண்டமையால், நறும்பண்டம் வாங்கவந்த மேனாட்டார் முதலில் இக்கரையில் துணி கொள்ளவேண்டியவராயினர். ஆங்கிலேயர் 1611-இல் மசூலிப்பட்டினத்தில் பண்டசாலை வைத்தனர். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டினர். 1639-இல் சென்னைப்பட்டினத்து மணற்கரையை ஆங்கிலேயர் தேர்ந்ததற்கும், அப்பக்கத்தில் துணி நயமாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். நெய்வோரைக் குடியேற்ற 1734-இல் அமைத்த சின்னத்தறிப்பேட்டையே இன்று சிந்தாதிரிப்பேட்டை என வழங்குகின்றது. சாயவேர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அகழப்பட்டது; அவ்வேர் வாணிகத்தை ஒல்லாந்தக் கம்பெனியார் தமக்கே உரிமையாக்கி வைத்திருந்தனர்.

இத்துணிகள் ஐரோப்பாவை அடைந்தபோது நேர்ந்தது வரலாற்றில் ஒரு புதுமை. துவைத்தால் நிறம் போகாத துணியை அந்நாட்டார் அதற்குமுன் கண்டதிலர். செல்வரும் எளியரும் ஒருங்கே விரும்பினர். உள்நாட்டுப் பட்டும் கம்பளியும் நெய்தோர் பிழைப்பிழந்து முறையிட்டனர். பிரெஞ்சு அரசு 1686-இல் எழுதியதும் அச்சிட்டதுமாகிய பருத்தித் துணிகளைத் தடைசெய்தது. ஆங்கிலப் பாராளுமன்றம் 1700-இல் ஒரு சட்டமும், அது போதாமையால் 1721-இல் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றிற்று. 1719-இல் இலண்டனில் நெசவாளர் கூட்டங்கூடி, வீதியிற் சீட்டியாடை உடுத்துச் சென்ற பெண்டிரின் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். பிரெஞ்சுத் தடை 1759-இலும் ஆங்கிலத் தடை 1774-இலும் நீங்கின. அதற்குள் அவர்கள் தம் நாட்டிலேயே பருத்தித் துணியிற் சாயம் அச்சிடக் கற்றுக்கொண்டனர்.

அவர்கள் கற்றது எங்ஙனம்? 1734-ஐ ஒட்டிப் புதுவையில் போலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் தலைவர், சாயமிடுவோர் அருகிலிருந்து ஒவ்வொரு படியையும் எழுதி, அப்படியில் துணியின் ஒரு துண்டையும் உடன்கொண்டு சென்றார். 1742-இல் கேர்தூ என்னும் ஏசுசபைப் பாதிரியார், தம் சமயம் புகுந்த சாயத்தொழிலாளரை வினவி முறை முழுவதையும் கடிதமாக வரைந்தனுப்பினார். வடமொழிக்கும் கிரேக்கம் இலத்தீன் மொழிகட்கும் உள்ள உறவை முன்னுணர்ந்து கூறியவரும் இவரே. 1795-இல் இராக்சுபரோ என்னும் ஸ்காத்துலாந்து மருத்துவர் சாயவேரின் இயல்பை நூலில் வெளியிட்டார். ஈண்டு ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. தந்தை மகனுக்கு வாயாற் சொல்லியும் கையாற் காட்டியும் வந்த இக்கலையை நம் புலவர் எவரும் விரிவாக எழுதிவைத்திலர். நீலமும் செம்மையும் பாட்டிற் பாடினோம். அவை துணியில் நின்ற வகையை வினவினோம் அல்லேம். வினவி எழுதியவர் பிறநாட்டார். இதனைப் பிறர்மேற் குறையாகச் சொல்லுதல் ஆகாது.

பின்னர் ஆலைகளும் பொறியச்சுகளும் பெருகின. 1868-இல் செருமானிய இரசாயன அறிஞர் இருவர், வேரிலுள்ள செந்நிறப் பொருளாகிய அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இற் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. சாயவேர் அகழ்வோர்க்கும் அவுரி பயிரிடுவோர்க்கும் வாழ்வு குன்றிற்று. வாணிகத்தையே நம்பியிருந்த கடற்கரைச் சித்திரகாரர் பலர் தொழிலைக் கைவிட்டனர்.

இன்று அப்பழைய துணிகளைக் காண விரும்புவார் எங்கே செல்லவேண்டும்? இலண்டன், பாரிசு முதலிய நகரத்துப் பொருட்காட்சிச் சாலைகளில் அவை பேணப்பெற்றுள்ளன. செலிபீசுத் தீவின் மலைநாட்டுத் தொராசர் நம் கரையிலிருந்து சென்ற துணிகளைத் தெய்வத்தன்மை உடையனவாக எண்ணித் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காத்துவந்தனர். விற்பனைக்கு எழுதிய துணி பிறநாட்டிற் பிழைத்தது. இறைவனுக்கு எழுதிய துணியோ விளக்குப் புகையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அவன் தொண்டிலேயே தேய்ந்து மறைந்தது. அதனாலன்றே, இக்கலையின் வரலாறு எழுதுவோர் வாணிகத்தின் வரலாற்றையே பெரிதும் எழுதி, கோயிலின் வரலாற்றைச் சில வரிகளில் முடிக்கின்றனர்.

தொண்டில் தேய்தல் ஒருவகை. அறியாமையால் அழிதல் மற்றொருவகை. பின்னதற்கு யாமே சான்று. யாம் மடத்திற் பயின்ற இளமைக்காலத்தில், அயலூர்த் திருக்கோயில் ஒன்றில் விழாவேற்பாட்டிற்கு மாணாக்கர் சிலரை அழைத்திருந்தனர். உக்கிராண அறையின் மூலையில் கருகிய பழஞ்சீலை ஒன்று சுருண்டு கிடந்தது. விளக்குத் துடைக்க அதனைக் கிழித்துத் தருமாறு பணித்தார்கள். யாமும் மற்றொரு மாணாக்கரும் இருபுறமும் பற்றிக் கிழித்தோம். ஒரு துண்டு நீரிற் பட்டுப் புகைக்கறை நீங்க, செருப்பணிந்த திருவடி ஒன்று இலிங்கத் திருமேனியின்மேல் ஊன்றியிருப்பது தெரிந்தது. அதன் செந்நிறம் நேற்று எழுதியதுபோல் விளங்கிற்று. கண்ணப்பர் என்று உணர்ந்தும், கையிலிருந்ததன் அருமை உணர்ந்திலேம். எஞ்சியதையும் கிழித்துக் கொடுத்துவிட்டே திரும்பினோம். எம்மைப் பணித்தாரும் தீயரல்லர். பழையது போய்ப் புதியது வரும் என்று எண்ணியவரே. புதியது எழுதுவார் இல்லையாயின் என்செய்வது என்று யாரும் எண்ணினோமில்லை.

அங்ஙனம் இல்லையாகும் நிலை காளத்திக்கும் 20-ஆம் நூற்றாண்டின் இடையில் நேர்ந்தது. முறை முழுதும் அறிந்தார் மிகச் சிலரே எஞ்சினர். அக்காலத்துக் கைவினைகளைக் காக்கும் பணியை மேற்கொண்டிருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா அம்மையாரின் முயற்சியால் 1950-களின் பிற்பகுதியிற் காளத்தியிற் பயிற்சி நிலையம் தோன்றிற்று. சொன்னலகட்ட இலக்குமையா என்னும் முதிய கைவினைஞர் அங்கே ஆசிரியராக இருந்து இளைஞர்க்குக் கற்பித்தனர். அவர்தம் மகனார் குரப்ப செட்டியாருக்கு 2008-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. கொப்பரை வேலையில் அலிசரின் முதலியன கலந்தனவாயினும் கடுக்காயும் பாலும் படிக்காரமும் எழுதுகோலும் மாறாமல் நின்றன. வாணிகம் வீழ்ந்தபோதும் காளத்தி வேர் முற்றும் அறாமல் நின்றதற்குக் காரணம், அங்கே எழுதியது கோயிற்குரிய கதையாதலே என்பது எம் கருத்து. சந்தையின் விருப்பம் ஆண்டுதோறும் மாறும். புராணத்தின் தேவை அங்ஙனம் மாறுவதன்று.

தமிழ்நாட்டிலும் இக்கலைக்கு இடம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்திற்கெனக் கோடாலிக் கருப்பூரில் சரிகையோடு நெய்து, மெழுகிட்டுச் சாயமேற்றிய சேலைகள் செய்யப்பெற்றன. அம்மரபு அரசு நீங்கியபின் மறைந்தது. ஆயினும் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயிற்குரிய தொம்பை, தோரணம், விதானம் ஆகியவற்றை எழுதுவோர் தொழிலைத் தொடர்ந்தனர். கருப்பூர்க் கலம்காரிச் சித்திரத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காப்பது வேலை கொடுப்பவரே.

ஆதலின் திருக்கோயில் அறங்காவலர்க்கும் திருப்பணி செய்யும் அன்பர்க்கும் எம் விண்ணப்பம் இரண்டு. உக்கிராணத்திற் பழைய சித்திரச் சீலை கிடைப்பின், அது எத்துணைக் கருகியிருப்பினும் கிழிக்கவேண்டா. நீரிலும் இடவேண்டா. உலர்ந்த இடத்தில் மடியாமற் சுருட்டிவைத்து, துணிச்சித்திரம் அறிந்தாரிடம் காட்டுக. இஃது ஒன்று. விழாதோறும் பொறியில் அச்சிட்ட பிளாஸ்டிக் தட்டி கட்டிப் பின் குப்பையில் எறியும் செலவிற் சிறுபகுதியைச் சேர்த்துவைத்து, சில ஆண்டுகட்கு ஒருமுறையேனும் கையால் எழுதிய சீலை ஒன்றைப் பெருமானுக்குச் சாத்துக. இஃது இரண்டாவது. அச்சீலையும் ஒருநாட் புகைபடிந்து தேயும். தேயட்டும்; அதன் இடத்தில் மற்றொன்றை எழுதக் கை இருக்குமாயின் இழப்பு இல்லை.

எரிந்த பந்தரைக் கண்டு சிலந்தி வருந்திற்று. அதற்கு முன்னரோ, எத்துணைமுறை நூல் அறுந்ததோ அத்துணைமுறையும் அது மீண்டும் நூற்றிருக்கும் அன்றோ? அத்தொண்டின் வழி பொன்முகலிக் கரையிலும் காவிரிக் கரையிலும் இடையறாது நிற்கத் திருக்காளத்திப் பெருமான் திருவருள் புரிக.